ஊரே திட்டிய மேனேஜர்

குக் சாங்பில்லை முதன்முதலாக முகத்துக்கு நேரே திட்டியவள் சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண். கானாங்கெளுத்தி வாங்கப் போனவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

"உனக்கு மீன் கிடையாது. அந்தப் பொண்ணு தூங்காம உக்காந்து எழுதுன திட்டத்துல உன் பேரப் போட்டுக்கிட்டியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?"

சாங்பில் வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"இன்சுக், என்னைத் திட்டிட்டாங்க. நடுச்சந்தையில, நாலு பேர் பாக்க."

அவர் மனைவி இன்சுக் அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

சியோலில் தேஹாங்னோ பக்கத்துச் சின்னச் சின்ன நாடகக் கொட்டகைகளில் அவர் முப்பது வருடம் நடித்தவர். எல்லாம் தரைக்கு அடியில், படியிறங்கிப் போகும் அரங்குகள். மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைவாக இருந்த நாட்களும் உண்டு. தொலைக்காட்சி அவ்வப்போது கூப்பிடும். பெரும்பாலும் பிணமாகப் படுக்க, இல்லாவிட்டால் கதாநாயகி அழுதுகொண்டே ஏறும் டாக்ஸியில் பிடரி மட்டும் தெரிய வண்டி ஓட்ட.

'இரண்டாம் விற்பனைப் பிரிவு' தொடரில் மா என்ற மேனேஜராக நடிக்க இருந்தவருக்குப் பனிச்சறுக்கில் கால் முறிந்ததால் அந்த வேடம் இவரிடம் வந்து சேர்ந்தது. நாடகத்துக்கு வருமுன் கொஞ்ச காலம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அங்கே பார்த்ததையெல்லாம் மா வேடத்துக்குள் இறக்கினார். யாராவது வேலை விஷயம் சொல்லும்போது மா நிமிர மாட்டார். ரப்பர் செருப்புக் காலை மேஜைமேல் போட்டுக்கொண்டு நகம் வெட்டுவார். நகல் எடுக்க வேண்டிய காகிதத்தை நீட்டி "காப்பி" என்பார். யாரிடம் நீட்டுகிறோம் என்றுகூடப் பார்க்க மாட்டார். ஒப்பந்த ஊழியை யூரி எழுதிய திட்டத்தை மேலிடத்தில் தன்னுடையதாகக் கொடுத்துவிட்டு, அவளிடமே வந்து "நல்லா எழுதியிருக்கேன்ல?" என்று கேட்டார். அந்தப் பகுதி ஒளிபரப்பான அன்றைக்குத்தான் நாடே கொதித்தது.

அதற்குப் பிறகு சாங்பில்லுக்குப் போன இடமெல்லாம் மரியாதைதான். டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் வழிநெடுக உபதேசம் செய்தார். உணவுக்கடையில் முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாய் இன்னொரு கிண்ணம் கேட்டால், தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இன்சுக்குக்கோ நேர்மாறு. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆளோட எப்படிம்மா குடும்பம் நடத்துறே?" என்று உருகிப்போய் டப்பா டப்பாவாகப் பலகாரம் கொடுத்தார்கள். அவளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே வாங்கி வந்தாள்.

கடைசிப் பகுதியின் வசனத்தாள் வந்தபோது இயக்குநர் அவரைத் தனியாக அழைத்தார்.

"அண்ணே, இது உங்க சீன். சேனல்காரங்களே கேட்டு எழுத வெச்சது. மா எல்லார் முன்னாடியும் உடைஞ்சு அழறாரு. வீட்டுக்கடன், உடம்பு சரியில்லாத மகன், எல்லாத்தையும் கொட்டுறாரு. கடைசியில யூரி காபி கொண்டுவந்து குடுக்குறா. வருஷக் கடைசியில விருது உங்களுக்குத்தான்."

சாங்பில் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அழுது பார்த்தார். பிரமாதமாக வந்தது. கதவுக்கு வெளியே நின்ற இன்சுக்கும் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து வசனம் படித்தார்கள். யூரியாக நடித்த கும் டாசோம் புதுமுகம். நிர்வாகிகள் முன் யூரி தன் திட்டத்தைத் தன் பெயரிலேயே விளக்கி ஜெயிக்கும் காட்சி, முதலில் எழுதியதில் பாதியாகக் குறைந்திருந்தது. மா அழுவதற்கு இடம் வேண்டுமல்லவா. டாசோம் தன் வரிகளைப் படித்து முடித்துவிட்டு, காபி கோப்பை வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு படித்தாள். சாங்பில் அதைக் கவனித்தார்.

"உன் பாகத்தை வெட்டிட்டாங்களே, வருத்தமா?" என்று இடைவேளையில் கேட்டார்.

"அய்யோ இல்ல சார். நீங்க அழறது ரொம்ப நல்லாருக்கு."

பக்கத்தில் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஒப்பனைக்காரப் பெண் நிமிராமலே சொன்னாள்: "எங்க பழைய சலூன் ஓனரும் நல்லா அழுவாரு. வருஷா வருஷம் கம்பெனி விருந்துல ரெண்டு கிளாஸ் சோஜு உள்ள போனதும் ஒரு பாட்டம் அழுவாரு. நாங்களும் கூட அழுவோம். மறுநாள் காலையில மறுபடி அதே திட்டுதான்."

சாங்பில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நேரே இயக்குநரிடம் போனார்.

"தம்பி, இவன் அழக் கூடாது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்க. கையில கொண்டுவந்து குடுத்தா வேணாங்கிறீங்களே."

"இவன் அழுதா ஜனங்க இவனைப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. ஜெயிச்சது அந்தப் பொண்ணு. ஜெயிச்ச கையோட அவளையே காபி போட வெக்கிறதா? அவ காட்சிய முழுசா அவகிட்டயே குடுத்துடு. எனக்கு அந்த ஜெராக்ஸ் மெஷினைக் குடு, போதும்."

"ஜெராக்ஸ் மெஷினா?"

சாங்பில் மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷின் முன்னால் போய் நடித்துக் காட்டினார். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் பார்த்தார். பிறகு கேமராமேனைப் பார்த்து, "ரெண்டையும் எடுப்போம். சேனல்ல நான் பேசிக்கிறேன்" என்றார்.

படப்பிடிப்பில் அழுகையை முதலில் எடுத்தார்கள். கைதட்டினார்கள். அடுத்து ஜெராக்ஸ் காட்சியை எடுத்தபோது ஒலிப்பதிவுக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எது ஒளிபரப்பாகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. சாங்பில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கோழி வறுவல் கடையின் மூலை மேஜையில் இன்சுக்கோடு உட்கார்ந்திருந்தார். கடை நிறைய அலுவலகக் கூட்டம். நடு மேஜையில் ஒரு குழு, தங்கள் மேனேஜரைச் சுற்றி பீரும் கையுமாக இருந்தது. எல்லோர் பார்வையும் சுவரில் இருந்த டிவியில்.

திரையில் யூரி முழுக் காட்சியும் பேசினாள். குரல் நடுங்கத் தொடங்கி, நடுக்கம் நின்று, கடைசியில் அந்த அறையே அவள் கைக்குள் இருந்தது. தலைவர் அவள் திட்டத்தையே ஏற்று, மதியக் கூட்டத்தில் எல்லோருக்கும் பிரதி வேண்டும் என்றார். பிரிவுக்குத் திரும்பியதும் மேனேஜர் மா தன் மேஜையிலிருந்து வழக்கம்போல் காகிதத்தை நீட்டினார்.

"காப்பி."

யாரும் எழுந்திருக்கவில்லை. விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மெல்ல எழுந்து, செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு, மா ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். மூடியைத் திறந்து தாளை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினார். வெற்றுத்தாள் வந்தது. இன்னொன்றை அமுக்கினார். வெற்றுத்தாளாக வந்துகொண்டே இருந்தது, நிற்கவேயில்லை. இரண்டு கைகளாலும் பிடிக்கப் பார்த்தார். யூரி எழுந்தாள். மாவின் முகம் மலர்ந்தது. அவள் அவரைத் தாண்டிக் கூட்ட அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கடை வெடித்தது. மேஜைகளைத் தட்டினார்கள். அறிமுகமில்லாதவர்கள் கோப்பையோடு கோப்பை மோதிக்கொண்டார்கள். நடு மேஜையின் மேனேஜர் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்ப்பா, நானும் இப்படியா?"

ஒரு இளம்பெண் கோழித் துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க நகம் வெட்ட மாட்டீங்க சார்."

இதற்கு எழுந்த சிரிப்பில் அந்த மனிதரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் அந்தப் பெண் மூலைப்பக்கம் திரும்பினாள். சாங்பில் தொப்பியை மேலும் இழுத்தார்.

"மேனேஜர் மா," என்றாள்.

கடை முழுக்கத் திரும்பியது. இங்கேயும் சாப்பாடு போச்சு என்றுதான் சாங்பில் நினைத்தார். அதற்குள் கடைக்காரர் எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்து, "எந்திரிங்க சார், எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். எங்கோ ஒரு கை தட்டத் தொடங்கியது. பிறகு எல்லாக் கைகளும் தட்டின. சாங்பில் இடதுபக்கம் குனிந்து வணங்கினார், வலதுபக்கம் வணங்கினார், சமையற்கட்டுப் பக்கமும் ஒருமுறை வணங்கினார்.

"உக்காருங்க, கோழி ஆறுது" என்று இன்சுக் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. அவரும் உட்காரவில்லை.