எல்லாரும் ஐந்து போட்ட வீடு

அண்ணியும் நானும் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறோம். சேர்ந்த புதிதில், மரியாதையாக இருக்கட்டுமே என்று "மேடம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "யாரைக் கூப்பிடற?" என்று பின்னால் திரும்பித் தேடினாள். அதிலிருந்து அங்கேயும் அண்ணிதான்.

கம்பெனிகளுக்காக ஆன்லைனில் மக்களிடம் கருத்துக் கேட்பது எங்கள் தொழில். எந்த சோப்பு பிடிக்கும், எந்த ஃபேன் சத்தம் போடுகிறது, இப்படி. பதில் சொல்கிறோம் என்று பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு பெரிய கூட்டம். அதற்கு 'பேனல்' என்று பெயர். அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது அண்ணி. வருகிற பதில்களை வைத்து ரிப்போர்ட் எழுதுவது நான்.

கூட்டம் என்றால் அதில் ஏமாற்றுக்காரர்களும் இருப்பார்கள். ஒரே ஆள் பல பெயரில் நுழைவான், கேள்வியைப் படிக்காமலே தட்டிவிட்டுப் போவான். அவர்களைப் பிடிக்கவே ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம். சந்தேகமானவர்களை அது சிவப்பில் காட்டும். எல்லா ஆபீஸிலும் சிவப்பு என்றால் நீக்கு, அவ்வளவுதான். அண்ணி மட்டும் நீக்குவதற்கு முன்னால் ஒரு போன் போடுவாள்.

அந்த முறை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். திருகும் குமிழ் எதுவும் இல்லாமல், மேலே வழவழவென்று கண்ணாடி மட்டும் வைத்த புது மாடல். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் ஒரு கொத்து சிவப்பு. எல்லாம் ஒரே இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்த பதில்கள். அசுர வேகத்தில் முடித்திருந்தார்கள். பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற இடத்திலெல்லாம் எல்லாரும் ஐந்து.

"சந்தேகமே இல்ல அண்ணி. ஒரே ஆளு உட்கார்ந்து தட்டியிருக்கான்."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏமாத்தணும்னு வந்தவன் இவ்வளவு அசடாவா இருப்பான்? நடுவுல ஒரு ஆறு, ஒரு நாலு போடத் தெரியாதா அவனுக்கு?"

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. அவர் அறையிலிருந்தே குரல் கொடுத்தார். "அந்தச் சிவப்பையெல்லாம் தூக்கிட்டு ரிப்போர்ட்டை அனுப்புங்கம்மா, அவசரம்!"

"ஒரே ஒரு போன் சார்" என்று அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்தது ஒரு பெண். படபடவென்று பொரிந்து தள்ளினாள். அது பார்வையில்லாத பெண்கள் தங்கும் விடுதியாம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே வைஃபை. விடுதிப் பொறுப்பு இவளுடையது.

"கேள்வியை எப்படிங்க படிக்கிறீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும். நாங்க வைக்கற வேகத்துல கேட்டா உங்களுக்குக் கொசு கத்தற மாதிரி இருக்கும். மெதுவா வச்சா எங்களுக்குத் தூக்கம் வந்துடும்."

"அப்ப எல்லாரும் ஏன் அஞ்சே போட்டிருக்கீங்க?"

"நாங்க எங்கங்க போட்டோம்? மார்க் போட ஒரு கோடு வச்சிருக்கீங்களே, அதை மவுஸால இழுத்தாத்தான் நகருது. நாங்க மவுஸே தொடறதில்ல. அது பாட்டுக்கு நடுவுலயே நிக்குது. சரி, கடைசியில எழுதிச் சொல்லலாம்னு போனா, எழுத ஒரு இடமே இல்லாம நன்றி வணக்கம்னு வெளிய தள்ளி விட்டுடுது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. "உங்களுக்கு அந்த மெஷின் வேணுமா?" என்றாள்.

"கண்ணாடியைத் தடவிக்கிட்டு என்ன பண்றது? இங்க இருக்கற பழைய மெஷினைக் கேளுங்க, குமிழைத் திருகும்போது எத்தனையாவது 'டக்'ல போர்வை, எத்தனையாவதுல பட்டுப்புடவைன்னு விரலே சொல்லும். அந்தக் கோடு மட்டும் நகர்ந்திருந்தா புது மெஷினுக்கு எல்லாரும் பூஜ்யம்தான் போட்டிருப்போம்."

போனை வைத்ததும் அண்ணி தன் மானிட்டரை அணைத்தாள். கம்ப்யூட்டரைப் படித்துக் காட்ட வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விசைப்பலகையால் மட்டும் எங்கள் சர்வேயை முதலிலிருந்து நிரப்பப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் தாண்டவே அவளுக்கு வேர்த்துவிட்டது. மதிப்பெண் கோட்டில் வந்து சிக்கிக்கொண்டாள். பாதியில் விடவில்லை. எங்கெங்கே தடுக்கிறது என்று கடைசிவரை தடவித் தடவிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நேரே அவசரத்தின் அறைக்குப் போனாள்.

"அவங்களை எடுத்துட்டா ரிப்போர்ட் சுத்தமா இருக்கும் சார். சரியா இருக்காது."

"கம்பெனிக்காரங்க இன்னிக்கே கேட்கறாங்களேம்மா."

"நானே பேசறேன். திட்டினா என்னைத் திட்டட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, ஆச்சரியம்தான், போனை எடுத்து அவரே நம்பரைப் போட்டு அண்ணியிடம் நீட்டினார்.

எதிர்முனையில் மெஷினை வடிவமைத்த பெண். முதலில் எரிந்து விழுந்தாள். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "ரிப்போர்ட் ரெண்டு நாள் தாமதமாகும். அதுக்குள்ள நீங்க ஒருதரம் அந்த விடுதிக்கு வந்துட்டுப் போங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வந்தாள். நாங்களும் போனோம். துணி துவைக்கிற அறையில், ஈர சிமெண்ட் தரையில், புது மெஷினை வடிவமைத்தவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய மெஷினின் குமிழைத் திருகித் திருகிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஒருத்தி மூடியைத் திட்டினாள், ஒருத்தி தண்ணீர்க் குழாயைத் திட்டினாள். அண்ணி கேட்பதற்கென்றே பிறந்தவள் போல ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் அண்ணன் எந்தப் பொய் சொன்னாலும் ஏன் மாட்டிக்கொள்கிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கண்ணாடியை அந்தக் கம்பெனி விடவில்லை. ஆனால் கடைக்கு வந்த மாடலில் ஓரத்தில் ஒரு குமிழும் இருந்தது, திருகினால் 'டக்' என்று சொல்லும் குமிழ். எங்கள் சர்வேக்களில் இழுக்கும் கோடு போய், எண்ணைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் பெட்டிகள் வந்தன. அதற்காக அண்ணி சாஃப்ட்வேர்க்காரர்களோடு போட்ட சண்டை தனிக் கதை.

"இவ்வளவு பண்ணியும் உனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வரலையே அண்ணி" என்றேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"அதை விடு. அந்த விடுதியில ஒருத்திக்கு நம்ம டீத்தூள் சர்வேல மூணாவது கேள்வி சுத்தமா புரியலையாம். எனக்கும் புரியல. நாளைக்கு வந்ததும் மாத்தணும், ஞாபகப்படுத்து" என்றபடி பஸ்ஸில் ஏறினாள்.