அரை டம்ளர் அரிசி

சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சத்துணவு சமைத்தவள் நான். முந்நூறு பிள்ளைகளுக்கு அண்டாவில் கிண்டிப் போட்ட தங்கப்பொண்ணுக்குத் தன் ஒரு வயிற்றுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? 2004இல் ஓய்வு கொடுத்தார்கள். மதுரை வில்லாபுரத்தில் ஓர் அறை பிடித்து, டீயும் பன்னுமாகவே ஓட்டினேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தேன். அது திருப்பூரில் இருக்கும் என் மகள் ஜெயக்கொடியின் காதுக்குப் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம வாரேன். நீ ஆக்கி, நீ சாப்புடுறத என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு எங்கூட வந்துரு" என்றாள் போனில்.

அவள் வீட்டில் மாமியார், மாமனார், நாத்தனார் எல்லாரும் இரண்டே அறையில். அங்கே போய் மூலையில் உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? என் பூட்டு, என் சாவி, என் அடுப்பு வேண்டும் எனக்கு.

அன்றே அடுப்பைப் பற்றவைத்தேன். முதல்நாள் ஆக்கிய சோற்றை மாடிவீட்டு ஸ்ரீலட்சுமி குடும்பம் முழுக்கச் சாப்பிட்டும் மிச்சம் மாட்டுக்குப் போனது. "அக்கா, கைய நம்பாதீங்க, டம்ளர்ல அளந்து போடுங்க" என்றாள் அவள். குக்கரில் அரை டம்ளர் அரிசி, ஒன்றரை டம்ளர் தண்ணீர். அதே குக்கருக்குள் சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி துவரம்பருப்பு, ஒரு தக்காளி, மஞ்சள்பொடி. மூன்று விசில். பருப்பைக் கடைந்து கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. சனிக்கிழமைக்குள் அளவு கைவந்துவிட்டது. ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதுதான் பயம்.

ஜெயக்கொடி வந்தாள். "நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலயே சாப்புட்டேன். நீ சாப்புடு" என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கரண்டி போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். தொண்டையில் நின்றது.

"என்னம்மா?"

"எறங்க மாட்டேங்குதுடி."

அவள் எழுந்து, கொடியில் கிடந்த என் சேலைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவாமல் நான் ஒருநாளும் கை நனைத்ததில்லை. பரிமாறாமல் எனக்குப் பசிக்காது.

எழுந்து கரண்டியை எடுத்தேன். "ஏய் தங்கப்பொண்ணு, தட்ட எடுத்துட்டு வா" என்று பள்ளிக்கூடக் குரலில் அதட்டினேன். என் தட்டில் நானே போட்டேன். "போதுமா? இன்னுங் கொஞ்சம் வாங்கிக்க. கீழ சிந்தாத." கரண்டியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பசித்தது. அம்மாடி, அப்படிப் பசித்தது.

ஜெயக்கொடி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தட்டை வழித்து முடிக்கும்போது ஒரு தட்டோடு வந்து நீட்டினாள்.

"எனக்கும் ஒரு கரண்டி போடும்மா."

குக்கரைக் கவிழ்த்துக் காட்டினேன். "சோறு தீந்துபோச்சு. ஒரு ஆளுக்குத்தான் ஆக்குனேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் சொல்லாத சொல் அது. ஜெயக்கொடி பையிலிருந்த சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.