படுத்தே குணமானவர்

பெரிய டாக்டர் சொன்னால் வார்டில் மறுபேச்சு கிடையாது. முதுகு பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்த பஸ் டிரைவரைத் தட்டிப் பார்த்தார். "மூணு வாரம் அசையாம படுங்க. பாத்ரூமுக்குக்கூட எழுந்திரிக்கக் கூடாது."

டிரைவரின் மகள் அதே வார்டில் பயிற்சி டாக்டர். அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், எலும்புல, நரம்புல கோளாறு இல்ல. இந்த வலிக்குப் படுத்தவங்களையும் நடமாடினவங்களையும் ஒப்பிட்டு நிறைய ஆய்வு வந்திருக்கு. நடமாடினவங்கதான் சீக்கிரம் தேறியிருக்காங்க."

"எனக்கே இதே வலி வந்துச்சும்மா. படுத்தேன், போச்சு. என் முதுகைவிட உன் ஆய்வு பெருசா?"

படுக்காவிட்டாலும் போயிருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

அவர் போனதும் அப்பா சீறினார். "வாயை மூடு பாப்பா. அவர் தலை என்ன வெயில்லயா நரைச்சுது? நீ நேத்து வந்தவ."

"படுத்தே கிடந்தா தொடை சூம்பிடும்ப்பா. அப்புறம் கிளட்ச் மிதிக்க என்னைக் கூப்பிடுவீங்களா?"

கிளட்ச் என்றதும் மனிதர் மசிந்தார். "சரி. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

தலையாட்டினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன மதியங்களில் அப்பாவை நடக்க வைத்தாள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டித் தீர்த்தார். வாரக் கடைசியில் ஜன்னலோரம் நின்று, "ஆம்புலன்ஸை ரிவர்ஸ் எடுக்கிறான் பாரு, கழுதை மேய்க்கத்தான் லாயக்கு," என்றார்.

மூன்று வாரம் முடிந்து வந்த ரவுண்ட்ஸில் அப்பா எழுந்து நின்று குனிந்து காட்டினார். பெரிய டாக்டர் மாணவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களா? படுக்க வெச்சதுக்குப் பலன்!"

"எல்லாம் உங்க கைராசி டாக்டர்," என்றார் அப்பா, கூச்சமே இல்லாமல்.

"அவர் படுக்கவே இல்ல சார். தினமும் நான் நடக்க வெச்சேன்."

பெரிய டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "சும்மா... ரெண்டு எட்டு."

"அந்த ரெண்டு எட்டும் நடக்காம இருந்திருந்தா நேத்தே வீட்டுக்குப் போயிருப்பாரு," என்றார் பெரிய டாக்டர்.

மாணவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முதுகு எதையும் நிரூபிக்காது. அப்பாவுடையதும் அப்படித்தான், நடக்காமலேகூடத் தேறியிருக்கலாம். அதை யாரிடம் சொல்ல?

பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒரு தாத்தா, அதே வலி. பெரிய டாக்டர் அவரிடம் போனார்.

"அசையாம படுங்கய்யா. சந்தேகமா இருந்தா இந்த டிரைவரைக் கேளுங்க."

அந்தத் தாத்தா அப்பாவைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.