ஞானராசு சட்டையில் குத்திய பதக்கம்

உரிமை கேட்டுக் கொலையானவங்களுக்குக் குடுக்குற தேசிய விருதை, அவங்க சட்டையில இருக்குற குண்டு ஓட்டையோட அளவுக்குத்தான் வார்ப்பாங்க. பதக்கத்தைக் குத்தினதும் ஓட்டை மூடிக்கும். ஓட்டை இல்லன்னா கொலையும் இல்ல, கேஸு முடிஞ்சுது.

அமலி சட்டக் கல்லூரியில மூணாம் வருஷம். பொதுப்பாதையில எங்க பொணமும் போகணும்னு கேட்டதுக்குத்தான் அவ அண்ணன் ஞானராசைச் சுட்டாங்க. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அவன் போட்டிருந்த நீலக்கட்டம் சட்டை. நாலு வருஷமா அதை அரிசி டிரம்முல போட்டுப் பூட்டி வச்சிருந்தா. வெள்ளிக்கிழமை அப்பீல். விருது விழாவோ புதன்கிழமை.

சட்டையைத் தர மாட்டேன்னு சண்டை போடத்தான், அதை டிரம்முலயே விட்டுட்டு, சட்டப் புத்தகத்தோட மட்டும் விழாவுக்குப் போனா. மேடை ஓரத்துல அதே சட்டை ஹேங்கர்ல தொங்குச்சு. பாக்கெட்டுல இருந்து அரிசி ஒண்ணொண்ணா உதிர்ந்துக்கிட்டிருந்துச்சு. பேரை வாசிச்சா சட்டை தானா வந்துரும்னு கிளார்க் சொன்னாரு.

"குடுங்க சார், கோர்ட்டுக்கு வேணும்."

"நாடே மரியாதை பண்ணுதும்மா."

"அந்த மரியாதையில அரை முழம் அந்தப் பாதையில விட்டிருந்தா, அவன் உசுரோட இருந்திருப்பான்."

கிளார்க் பதக்கத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. சட்டை இப்பத்தான வந்துச்சு, அளவு எப்படித் தெரியும்னு அமலி விடாம கேட்டா.

"அளவு தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரும்மா. அவரே வந்து குத்திவிடுவாரு."

வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் மேடையேறி வந்தாரு. முதல்ல ஓட்டைக்குள்ள ஆள்காட்டி விரலை விட்டுப் பாத்தாரு. திருப்தியாத் தலையாட்டினாரு. பதக்கம் கச்சிதமா உக்காந்துச்சு. துணி மூடிக்கிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அவர் குனிஞ்சு, அமலிக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு: "நல்லாப் பேசுவியாமே. எந்த பஸ்ஸுல போவ?"

அவரே அவ பஸ் நம்பரைச் சரியாச் சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போனாரு.

வெளிய வந்ததும் நெஞ்சுல சில்லுனு காத்து பட்டுச்சு. குனிஞ்சு பாத்தா, சுடிதார்ல இடது பக்கம் ஒரு ஓட்டை. அதே அளவு. ஓரம் லேசாக் கருகியிருந்துச்சு.

அமலி சட்டப் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ் ஏறினா. உள்ள இருந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான், பையையோ டிபன்பாக்ஸையோ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தங்க தள்ளி இடம் விட்டாங்க.