வெளிப்பாத்திரத்துத் தண்ணீர்

காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"தெருவுல ரெண்டு வீடு மூட்டை கட்டியாச்சு. நாங்களும் கிளம்பணுமாடா?"

அவள் வீடு அணைக்குக் கீழே, ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில், தரைத்தளம். முன்னறையில் தையல் மெஷின். உள்ளறையில் மாமா, ஏணியிலிருந்து விழுந்து தொடைவரை மாவுக்கட்டு. ஆள் நூறு கிலோ. கிளம்புவதென்றால் நாலு பேர் தூக்க வேண்டும். நான் அணையில் ஷட்டர் ஆபரேட்டர் என்பதால் அந்தத் தெருவே என் வாயைப் பார்த்துத்தான் மூட்டை கட்டும்.

"பொறுமையா கேளுக்கா. மலை மேல பேஞ்ச மழை இருநூறு மில்லிமீட்டர். அது ஏரிக்கு முழுசா வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும். வந்தா மட்டம் மூணு அடி ஏறும். ஏரியில ஆறு அடி காலியா இருக்கு. ஆறுல மூணு போனா?"

"மூணு. ஒண்ணாங்கிளாஸ் பாடம் எடுக்காத."

"அப்ப ஷட்டரே தூக்க வேணாம். மாமாவ அசைக்காத."

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "கணக்குப்புலி சொல்லிட்டானா? அப்ப எனக்கு இன்னொரு டீ போடு."

எங்கள் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறது. எந்தத் தேதியில் ஏரி எவ்வளவு நிறைந்திருக்கலாம் என்று ஒரு கோடு. அதற்கு மேல் போனால் திறக்க வேண்டும், கீழே இருந்தால் சேர்க்க வேண்டும். நாற்பது வருட மழையைக் கூட்டிப் பார்த்து வரைந்த கோடு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். இப்போது விளக்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வருட மொத்த மழை பெரிதாக மாறவில்லை; பெய்கிற நாட்கள்தான் குறைந்துவிட்டன. முன்பு ஐம்பது நாளில் பெய்தது இப்போது பதினெட்டு நாளில் கொட்டித் தீர்க்கிறது. ஒரு மாதச் சாப்பாட்டை மூன்று வேளையில் வாயில் திணித்தால் வயிறு என்ன செய்யும்?

நடுவில் இருக்கும் நாட்களெல்லாம் வெயில். இந்தக் கோடையில் ஷட்டரின் இரும்பில் கை வைக்க முடியவில்லை. ஏரியின் தரை ஓடு ஓடாக வெடித்தது. ஊருக்கு ஆறு நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர். அதனால் இந்த முறை மேலிடத்து உத்தரவு ஒரே வரி: சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாது. ஏரி கோட்டைத் தாண்டி பத்து நாள் ஆகிறது. திறக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். "ஏப்ரலை மறந்துட்டீங்களா?" என்றார் பெரிய இன்ஜினியர். நான் மறக்கவில்லை.

பதினொன்றரைக்கே மட்டம் மூன்று அடி ஏறிவிட்டது. மலைத் தண்ணீரில் பாதிகூட அப்போது வந்திருக்கக் கூடாது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, குடையோடு போய் கரையில் நட்டிருக்கும் அளவுப் பலகையைப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. திரும்பி வருவதற்குள் இன்னும் நாலு விரற்கடை.

மலைமேல் மழைமானியைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டேன். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு அளப்பவர். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"அண்ணே, காலையில என்ன அளந்தீங்க?"

"இருநூறு. சொன்னேனே. குடுவை நிறைஞ்சு நின்னுச்சு தம்பி. என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல."

குடுவை நிறைந்து.

மழைமானி எளிமையான சாதனம். மேலே புனல், அதற்கடியில் குடுவை, இரண்டையும் சுற்றி ஒரு வெளிப்பாத்திரம். குடுவை பிடிப்பது இருநூறுதான். அதற்கு மேல் பெய்தால் வழிந்து வெளிப்பாத்திரத்தில் சேரும். அதையும் அளந்து கூட்ட வேண்டும்.

"வெளிப்பாத்திரத்துல தண்ணி இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு, முக்காவாசிக்கு. சாரல் அடிச்சு உள்ள பூந்துருக்கும்னு கொட்டிட்டு, துணி போட்டுத் துடைச்சு வச்சுட்டேன்." பிறகு அவர் குரல் இறங்கியது. "ஏன் தம்பி?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தக் குடுவை பாதிகூட நிறைந்ததில்லை. வெளிப்பாத்திரம் எதற்கு என்பதே மனிதருக்கு மறந்துபோயிருந்தது. குடுவை எவ்வளவு பிடிக்கும் என்பது தெரிந்த நானும், சரியாக இருநூறு என்று வந்ததும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமல் கழித்தல் கணக்குப் போட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பெரிய இன்ஜினியர் சொன்னார்: "அஞ்சு ஷட்டரையும் தூக்குங்க." வேறு வழியில்லை. எங்களுடையது மண் கரை. தண்ணீர் அதன் தலைக்கு மேல் வழிந்தால் கரை கரைந்து, ஏரி மொத்தமும் ஒரே வீச்சில் இறங்கிவிடும்.

பொத்தானை அழுத்தும் முன்பே அக்காவை அழைத்துவிட்டேன். "கிளம்புக்கா. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷத்துல உன் தெருவுக்குத் தண்ணி வந்துடும்."

"ஆறுல மூணு போனா மூணுன்னியேடா."

"தப்புக்கா."

"எதிர்ல இருந்தவங்கல்லாம் காலையிலயே போயிட்டாங்க. இவர யாருடா தூக்குவா?"

போனை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒரு ஷட்டர் ஒரு அடி ஏற நாலு நிமிடம். மணி அடிக்கும், மோட்டார் உறுமும், அடியிலிருந்து தண்ணீர் வெள்ளையாகச் சீறும். எத்தனையோ பேரைக் கூட்டிவந்து நின்று காட்டிய காட்சி. அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றேகாலுக்கு அவளே அழைத்தாள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்தாள். பால் வண்டிக்காரரும் அவர் மகன்களும் மாமாவைக் கதவுப்பலகையில் கிடத்தி, மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். திருப்பத்தில் பலகை சிக்கிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"பன்னெண்டாவது படியில மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தண்ணி அஞ்சாவது படியில இருக்கு. மெஷின் போச்சு, அத விடு. இன்னும் எத்தனை படி ஏறும்னு மட்டும் சொல்லு. அதப் பொறுத்துதான் மாவுக்கட்ட உடைக்கிறதா, பலகைய அறுக்கிறதான்னு பாக்கணும்."

அதற்கும் எங்களிடம் அட்டவணை உண்டு. எத்தனை ஷட்டர், எத்தனை அடி தூக்கினால் கீழே எவ்வளவு ஏறும் என்று வரிவரியாக இருக்கும். கடைசி வரி, ஐந்து ஷட்டரும் நாலு அடி. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். நாங்கள் அப்போது ஏழு அடியில் இருந்தோம்.

"தெரியலக்கா."

"விளையாடாத. உனக்கா தெரியாது?"

"நிஜமா தெரியல."

பின்னால் மாமா வலியில் கத்துவது கேட்டது. யாரோ "மெல்ல, மெல்ல" என்றார்கள். என் அறையில் மற்ற போன் ஒலித்தது. பெரிய இன்ஜினியர் இரண்டே வார்த்தைதான் சொன்னார். நான் பொத்தானை அழுத்தினேன். எச்சரிக்கை மணி அடித்தது.

"அது என்னடா சத்தம்?" என்றாள் அக்கா.

"இன்னொரு அடி தூக்குறோம்."

அவள் போனை வைக்கவில்லை. பிறகு, என்னிடம் இல்லை, படியில் நின்றவர்களிடம் சொன்னாள்: "ஆறாவது படி."