பிளக்ஸ் வைக்காத சாவு

சித்தப்பா நீட்டிய கைபேசியைச் செல்வலட்சுமி பாதியிலேயே பறித்துக்கொண்டாள். அதை வாங்கக் கை நீட்டியிருந்தவன் மைக்கோடு வந்து நின்ற யூடியூப் சேனல்காரன்.

"போட்டோ எல்லாம் கொடுக்க முடியாதுங்க. நீங்க கெளம்புங்க."

"ஒரு அஞ்சலிதானக்கா. பாட்டுப் போட்டு நல்லாப் பண்ணிருவோம்."

"அதான் வேணாங்கிறேன்."

கருத்தப்பாண்டிச் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, பாலவனத்தத்துப் பயல வாரம் பூராக் காட்டுனான். நம்ம பய என்ன கொறஞ்சவனா? ஊர்ல கேக்க மாட்டானா?"

"கேக்கட்டும் சித்தப்பா."

பந்தலுக்குள் தனுஷ் கிடந்தான். அவளுக்கு ஒரே தம்பி. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டி, மத்தியானம்தான் பரளச்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மாதக்கணக்கில் அவனுக்குத் தூக்கம் இல்லை. நூல் மில் வேலைக்குப் போவதையும் விட்டிருந்தான். சோம்பேறித்தனம் என்று வீட்டில் எல்லாரும் ஏசினார்கள், அவளும்தான். அந்தச் சமயத்தில்தான் பாலவனத்தத்துப் பையன் ஒருவன் தன்னை மாய்த்துக்கொண்டான். அவன் படத்தை மேகத்துக்கு நடுவில் வைத்து, மேலே பூ விழ விழ, சேனலில் ஓயாமல் காட்டினார்கள். தனுஷ் சாப்பிடாமல் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தான். கட்டிக்கொடுத்த ஊரில் இருந்த அவளுக்குப் போன் போட்டும் அதைத்தான் பேசினான்.

"பாத்தியாக்கா? அவன ஏசுன ஆளுகெல்லாம் வந்து அழுகுறாக."

"சரிடா, நீ சாப்பிட்டியா?"

அவன் மறுபடியும் அந்தப் பூ விழுவதையே சொன்னான். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

"எம் புள்ள மொகத்த ஊரு பாக்க வேணாமாடி?" தலைமாட்டில் இருந்த அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "செத்தும் அவன மறைச்சு வைக்கணுமா?"

செல்வலட்சுமி அம்மாவின் கையை விலக்காமல் நின்றாள்.

தெருமுனையில் பிளக்ஸ் கட்டக் கம்பு நட்டுக்கொண்டிருந்த ராஜகுரு உள்ளே வந்தான். தனுஷுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, மில்லிலும் ஒரே ஷிப்டு. வேர்வையோடு கைபேசியை நீட்டினான். அதிலிருந்த பிளக்ஸ் படத்தில், கூலிங் கிளாஸ் போட்ட தனுஷுக்கு முதுகில் வெள்ளைச் சிறகு வைத்திருந்தார்கள்.

"அக்கா, பிரிண்டு போடச் சொல்லவா? பாலவனத்தத்துல வச்சதவிடப் பெருசு."

"பிளக்ஸ் வைக்கல ராஜகுரு."

"என்னக்கா இப்பிடிச் சொல்றீக? பசங்க எல்லாரும் காலைல இருந்து அலையுறோம்." அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ராசா மாதிரி இருக்கான்ல? எனக்கெல்லாம் யாருக்கா இப்பிடி வைக்கப்போறா."

செல்வலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏலே, என்னயப் பாரு. உனக்கும் சாகணும்னு தோணுதா?"

அவன் சிரித்தான். "சும்மா சொன்னேங்க்கா."

"நான் சும்மா கேக்கல."

சிரிப்பு நின்றது. தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினான். முன்னால் கொட்டுச் சத்தம் ஏறி இறங்கியது.

"அந்த வீடியோவ ரெண்டு பேரும் சேந்துதாங்க்கா பாப்போம்" என்றான். "அவன் சொல்லுவான், நமக்கும் இப்பிடித்தான்டா வைப்பாகன்னு. நான் சிரிப்பேன். இப்ப எனக்கு அதுதான் கேட்டுக்கிட்டே இருக்கு." சுரண்டுவதை நிறுத்தி, "ஏச மாட்டீகளா?" என்றான்.

"ஏசி ஒருத்தன அனுப்பியாச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னைக்கு நீ தனியா எங்கயும் போகக்கூடாது. ராத்திரி உங்கம்மா பக்கத்துலதான் படுக்கணும். காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. இதுக்குன்னே டாக்டர் இருக்காக. உங்கம்மாட்ட நான் சொல்றேன்."

"அம்மாட்டயா? வேணாங்க்கா, அழுகும்."

"அழுகட்டும். நீ இருக்கைல அழுகட்டும்."

அவனைக் கையோடு கூட்டிவந்து சித்தப்பாவின் முன்னால் நிறுத்தினாள். "சுடுகாட்டுக்குப் போயிட்டு வாரவரைக்கும் இவன் உங்க கைக்குள்ளயே இருக்கணும் சித்தப்பா."

கருத்தப்பாண்டி அவளைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போனவர் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏலே, அந்தக் கம்பப் பிடுங்கிப் போடுங்கடா" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "நீ வாய்யா ராஜகுரு, எம்பக்கத்துல நில்லு."

தூக்கும்போது அம்மா செல்வலட்சுமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆண்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சித்தப்பா சொன்னபடியே ராஜகுருவைப் பக்கத்திலேயே வைத்துக் கூட்டிவந்தார். அவனுடைய அம்மா குருவம்மாள் அதற்குள் பருத்திக் காட்டிலிருந்து வந்திருந்தாள். செல்வலட்சுமி அவளைத் தனியாக உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருந்தாள்.

பந்தல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ராஜகுரு டீயைக் கையில் வைத்திருந்தான். கரிசல் பாதையில் நடந்து வந்ததில் பேண்ட்டுக் காலெல்லாம் ஒட்டுப்புல். குருவம்மாள் வந்து அவன் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள். ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

அவன் காலை இழுத்தான். "விடும்மா, எல்லாரும் பாக்குறாக."

"ஆட்டாம வையி."

அவன் ஆட்டாமல் வைத்துக்கொண்டான். அவள் ஒரு கால் முடித்து, இன்னொரு காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.