பன்னிரண்டு தகடுகள்

காலை ஏழு பத்துக்குத் தாமோதரன் வார்டுக்குள் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. பூபாலன் தூங்கிக்கொண்டிருந்தான். இடது தொடையில் கம்பி வைத்து மூன்று நாள் ஆகிறது. அவன் மனைவி ஜெசிந்தா எழுந்து நிற்கவில்லை.

"எப்பிடிம்மா இருக்காரு?"

"கண்ணு முன்னாலதான கீறாரு."

தாமோதரன் பெயின்ட் கம்பெனி இன்ஜினியர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஆபீஸ். மூன்று வருடம் முன்பு ஐப்பசியில், மாமல்லபுரத்தில் ஜெசிந்தா கூட்டித் துடைக்கும் லாட்ஜின் மொட்டைமாடியில் ஒரு சட்டத்தை நிறுத்தி, பெயின்ட் அடித்த பன்னிரண்டு இரும்புத் தகடுகளைக் கடலைப் பார்க்க மாட்டினார். "டெஸ்டும்மா. மாசி வரைக்கும் இருக்கும். பத்திரமா பாத்துக்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டாள். மார்கழியில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். அதன்மேல் பனி இறங்கும். விடிந்தால் தகடுகள் பிசுபிசுத்துக் கிடக்கும். லாட்ஜின் ஜன்னல் கம்பி, கொடிக்கம்பி, கதவுக் கீல் எல்லாம் அந்த மாதங்களில்தான் கெட்டுப்போகும். அவள் தினமும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பன்னிரண்டையும் துடைத்தாள். ஒன்றில்கூடத் துரு இல்லை.

மாசியில் வந்த தாமோதரன், துணியும் கையுமாக நின்றவளைப் பார்த்தார். "இன்னொரு தபா தொடச்சிடும்மா. போட்டோல பளிச்சுனு விழட்டும்."

துடைத்தாள்.

உப்புக்காற்றைத் தாங்கும் என்று டெஸ்டில் தேறிய அந்தப் பெயின்ட்தான் அவள் குடியிருப்பின் இரும்புப் படிக்கட்டுக்கு வந்தது. டப்பாவில் பெயரைப் பார்த்ததும், "நம்ம பெயின்ட்டுய்யா இது" என்று பூபாலனிடம் சொல்லிச் சிரித்தாள். படிக்கட்டை யாரும் துடைக்கவில்லை. இரண்டு மார்கழி தாங்கியது. இந்த மார்கழியில், சிலிண்டரைத் தோளில் வைத்து ஏறிய பூபாலனோடு ஏழாவது படி பிய்ந்து விழுந்தது. மேலே பெயின்ட் தோல்போல முழுதாக இருந்தது. வெல்டிங்கில் பற்றவைத்த இடத்தில் இரும்பு கையில் பொடிந்தது.

தாமோதரன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"யாரும் சொல்லாம, யாருக்கும் தெரியாம நீயாதான் தகட தொடச்சன்னு எழுதியிருக்கு. கையெழுத்து போட்டுட்டா படி விழுந்த விசாரணை முடிஞ்சிரும். உன் மேல எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

"போடலன்னா?"

"உம் புருசன் கால ஒடச்சதே நீதான்னு ஊரு பேசும்மா."

மூன்று நாளாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். இவர் வாயிலிருந்து கேட்டதும் உடம்பு எரிந்தது.

பூபாலன் கண் விழித்திருந்தான். ஜெசிந்தா தாளைப் பிடுங்கி அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அவராண்ட சொல்லு சார். அன்னிக்கி போட்டோ எடுக்க சொல்லோ, துணியோட நின்னுகினு இருந்த என்னப் பாத்து நீ இன்னா சொன்ன?"